கன்னத்தில் ஒரு தட்டு

அத்தையின் அடிக்கழுத்தில் ஒரு தழும்பு உண்டு. மெல்லிய சங்கிலி போட்டுக் கழற்ற மறந்த மாதிரி இருக்கும். என்னவென்று யாராவது கேட்டால் ஆளைப் பார்த்துக் கதை சொல்லுவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடம், "கட்டினவன் வெட்டினான், நல்லவேளை கத்தி மொட்டை" என்பாள். அந்த அம்மா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்வார். அத்தை ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்து காலை நீட்டிக்கொள்வாள்.

நிஜக்கதை உப்புச்சப்பில்லாதது. பதினொரு வருடத்துக்கு முன்னால் கழுத்தில் தைராய்டு வீங்கியது. அறுத்து எடுத்தார்கள். தைராய்டின் முதுகில் அரிசி அளவில் நாலு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்குமாம். பாராதைராய்டு என்று பேர். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அந்த நாலு பேரின் வேலை. வீடு மாற்றுகிறபோது பழைய அலமாரியோடு உள்ளே இருந்த சாவிக்கொத்தும் போய்விடுகிற மாதிரி, அந்த நாலும் போய்விட்டன. காலத்துக்கும் சாப்பிடச் சொல்லி மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள். அத்தை மூன்று மாதம் சாப்பிட்டாள். புண் ஆறிவிட்டது, இனி எதற்கு என்று நிறுத்திவிட்டாள். சீட்டை நாலாக மடித்துக் கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்தாள். அந்தக் கட்டில் இன்றைக்கும் ஆடுவதில்லை. அத்தைதான் ஆடிப்போனாள்.

அவள் என் அப்பாவின் அக்கா. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் வேலை தேடி வேறு நாட்டுக்குப் போனார்கள். ஒரு மாதம் பார்த்துக்கொள் என்று என்னை அவளிடம் விட்டார்கள். அந்த ஒரு மாதம் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தை என்னை வாலு என்று கூப்பிடுவாள். சாதாரண வாலு இல்லை, அறுந்த வாலு. அவளுடைய செருப்பின் வாரைப் பிரித்து வைப்பேன். அவள் என் தலையணைக்குள் ஈரத்துணியை வைப்பாள். ஒருநாள் நான் ஒரு சாக்பீஸைச் சிகரெட் மாதிரி உதட்டில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்றேன். துடைப்பத்தோடு ஓடிவந்தவள், பக்கத்தில் வந்ததும் விஷயம் புரிந்து, "நெருப்பு இருக்காடா?" என்று கேட்டாள். இப்படித்தான் எங்கள் குடும்பம்.

சாக்பீஸுக்கு எங்கள் வீட்டில் தட்டுப்பாடில்லை. அத்தைக்கு சாக்பீஸ் பட்டறையில் வேலை. பதினேழு வயதில் உள்ளே போனவள், முப்பது வருடமாக வெள்ளையாகத்தான் வெளியே வந்தாள். ஜிப்சம் பொடியை வாளியில் தண்ணீரோடு கலக்கி, எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றி, மேலே வழித்து, கொஞ்ச நேரம் விட்டுத் திறந்தால் வரிசையாகக் குச்சிகள். அதை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து, நூறு நூறாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். மற்றவர்கள் எண்ணுவார்கள். அத்தை எண்ணமாட்டாள். ஒரு கைப்பிடி என்றால் இருபது. ஐந்து கைப்பிடி போட்டு மூடிவிடுவாள். சந்தேகப்பட்டு நான் எத்தனையோ பெட்டிகளைப் பிரித்து எண்ணியிருக்கிறேன். ஒன்றுகூடக் குறைந்ததில்லை. எனக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் ஒத்துவராமல் போனபிறகு, அதே பட்டறையில் அட்டைப்பெட்டிக்குப் பசை தடவுகிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு கலவைக்கும் ஒரு குச்சியை எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கரும்பலகையில் கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் அத்தையின் வேலை. அவளுக்கு எழுதப் படிக்க வராது. வாழ்நாள் முழுக்க அவள் பலகையில் எழுதியது அந்த ஒரு கோடுதான். ஸ்கேல் வைத்தாலும் எனக்கு அப்படி வராது.

இரண்டு வருடமாக அவளுக்கு விரல்நுனி மதமதப்பு. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பாள். சிலநாள் குச்சியை அள்ளும்போது கை அப்படியே இழுத்துக்கொள்ளும். ஐந்து விரலும் குவிந்து, டப்பாவிலிருந்து உப்பு எடுக்கிற மாதிரி நிற்கும். "வயசாச்சு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவாள்.

அப்போதுதான் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தேன். கன்னத்தில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிவிடலாம் என்று காதுக்குச் சற்று முன்னால் விரலால் தட்டினேன். அத்தையின் உதட்டோரம் டக்கென்று மேலே ஏறி இறங்கியது. மறுபடி தட்டினேன். மறுபடி ஏறியது. சுவிட்ச் மாதிரி!

விடுவேனா? சாப்பாட்டு இடைவேளையில் பட்டறை முழுக்கக் கூட்டம் சேர்த்தேன். "இங்க பாருங்க, சிரிக்க வைக்கிற பொத்தான்!" டக். சிரிப்பு. டக். சிரிப்பு. கூட வேலை செய்கிற ரேடியோ அக்கா வாயைப் பிளந்தாள். காலையில் வாயைத் திறந்தால் மாலையில் பட்டறை பூட்டும்போதுதான் மூடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"எனக்கும் தட்டிப் பாருடா" என்று கன்னத்தைக் காட்டினாள்.

"உனக்குத் தட்ட வேண்டாம்க்கா. உன் வாய் தானா ஆடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவள் அத்தை. அந்தச் சிரிப்பில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு வியாதியுடையது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் அத்தையின் கோடு நெளிய ஆரம்பித்தது. நடை சுருங்கியது. முகம் இறுகியது. பேச்சு குழறியது. குடித்துவிட்டு வருகிறாளோ என்று முதலாளியே ரேடியோ அக்காவிடம் விசாரித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. தரையில் கொட்டிய கலவை அவள் முடியில் இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரிக்கோலால்தான் எடுத்தார்.

டாக்டர் இளவயசு. அவரும் அத்தையின் காதுக்கு முன்னால் விரலால் தட்டினார். உதடு ஏறி இறங்கியது. நான் வழக்கம்போல் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, அப்படியே விட்டுவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அத்தையின் விரல்கள் உப்பெடுக்கப் போயின.

"இந்த மாதிரி எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"இரண்டு வருஷமா" என்றேன். பட்டறையில் காட்சி நடத்தியதைச் சொல்லவில்லை.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படம் கறுப்பாக இருந்தது. நடுவில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. கரும்பலகையில் யாரோ சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்த மாதிரி. "என்ன சார் இது?" என்று படம் எடுத்தவரிடம் கேட்டேன்.

"மூளைல கால்சியம் படிஞ்சிருக்கு. நிறைய. மீதியை டாக்டர் சொல்லுவாங்க."

டாக்டர் சொன்னார்தான். சீட்டு எழுதிக்கொண்டே, ரத்தத்தில் கால்சியம் குறைவு, பாராதைராய்டு வேலை செய்யவில்லை, இந்த மாத்திரையைத் தினம் மூன்று வேளை மென்று சாப்பிட வேண்டும், ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர். எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்: மாத்திரையின் பெயரும் கால்சியம்.

பட்டறையில் சொன்னேன். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முப்பது வருஷம் இந்தப் பொடியைச் சுவாசிச்சா வேற எங்க போகும்? மூக்கு வழியா மேல ஏறியிருக்கு" என்றார். "ஜிப்சம்ல இருக்கிறதும் அதே கால்சியம்தானே!" மூட்டையில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார். ரேடியோ அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டவள் இரண்டு நாள் எடுக்கவில்லை. பேச்சும் நின்றது. அத்தையின் வியாதியால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

அவர்கள் மூக்கைப் பார்த்தார்கள், நான் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். தலைக்குள் ஏற்கெனவே அவ்வளவு கிடக்கிறது. அதற்குமேல் இந்த டாக்டர் மூன்று வேளையும் அதையே கொட்டச் சொல்கிறார். சாக்கடை அடைத்துக்கொண்டால் யாராவது இன்னொரு கூடை மண்ணைப் போடுவார்களா? அத்தையிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்.

"டாக்டரை விட நீ பெரிய ஆளா? ஒன்பதாங்கிளாஸ் தாண்டல" என்றாள்.

சரி, சொன்னால் கேட்கமாட்டாள். நமக்குத் தெரிந்த வழியில் போவோம் என்று முடிவு செய்தேன்.

அவளுடைய மாத்திரை பெரியது, வெள்ளை, நடுவில் ஒரு பள்ளக்கோடு. நான் ஒன்றை எடுத்து ஜிப்சத்தில் பதித்து, மேலும் கீழுமாக இரண்டு பாதி அச்சு செய்தேன். பொடித்த சர்க்கரையும் மாவும் துளி தண்ணீரும் பிசைந்து அழுத்தி எடுத்து, மாடியில் காயவைத்தேன். நடுக்கோடு உட்பட அச்சு அசல். நான் இதுவரை செய்த வேலைகளிலேயே நேர்த்தியானது அதுதான் என்று சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது. டப்பாவில் என் மாத்திரையைப் போட்டேன். நிஜ மாத்திரைகளை நுணுக்கிப் பட்டறை வாளியில் கலந்துவிட்டேன். அத்தையின் மாத்திரையால் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் கணக்குப் போட்டிருப்பார்கள்.

முதல்நாள் மென்றவள் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இனிக்குதேடா."

"கம்பெனி மாத்திட்டாங்க அத்தை. கசக்குதுன்னு யாரோ புகார் பண்ணாங்களாம்."

"நல்ல கம்பெனி" என்றாள். அவ்வளவுதான்.

இருபத்திரண்டு நாள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் விரல் மறுபடி மதமதத்தது. தலையிலிருந்து கரைந்து இறங்குகிறது, விரல் வழியாக வெளியே போகிறது என்று எனக்கு நானே ஒரு மருத்துவம் படித்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் அவளால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. பெட்டியில் எண்பத்தேழு குச்சி அடுக்கி மூடினாள். முதலாளி பார்ப்பதற்குள் நான் பதின்மூன்றைச் சொருகினேன். டாக்டரிடம் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். போனால் ரத்தம் எடுப்பார்கள், குட்டு வெளிப்படும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். என் தலை தப்பிக்க அவள் உயிரை வைத்து விளையாடினேன் என்பதை எந்தச் சோப்புப் போட்டும் கழுவ முடியாது.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் பட்டறையில் அத்தையின் தொண்டை இறுக்கிக்கொண்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம். முதலில் நான் சிரித்தேன். அவள் ஏதோ வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எது நிஜம் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் உதடு நீலமாகிவிட்டது.

முதலாளியின் சரக்கு வண்டியில் பெட்டிகளுக்கு நடுவே அவளைப் போட்டுக்கொண்டு போனோம். இரண்டு கையும் குவிந்து, பாதங்கள் வளைந்து, கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதே இளவயசு டாக்டர். ஒரு பார்வை பார்த்துவிட்டு நர்ஸிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். எனக்குக் கால்சியம் என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் கேட்டது. கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"வேண்டாம் டாக்டர்! அதைப் போடாதீங்க! தலையில ஏற்கெனவே நிறைய இருக்கு!"

"தம்பி, தள்ளு."

"செத்துருவாங்க டாக்டர்!"

"போடலைன்னாத்தான் செத்துருவாங்க. தள்ளுடா!"

முதலாளி என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். டாக்டர் நரம்பில் ஊசியைப் பொருத்தி, மருந்தை மெல்ல, மிக மெல்ல ஏற்றினார். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் பக்கத்து மிஷினில் ஓடுகிற கோட்டில். முதலாளியின் கைக்குள் நான் திமிறிக்கொண்டிருந்தேன்.

அப்போது அத்தையின் கட்டைவிரல் பிரிந்தது. பிறகு ஆள்காட்டி விரல். அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவை. விசில் நின்றது. இரண்டு வருடமாக அவள் இன்னொரு கையால் பிரித்துக்கொண்டிருந்த விரல்களை அந்த மருந்து உள்ளேயிருந்து பிரித்தது. நான் திமிறுவதை விட்டேன்.

டாக்டர் என்னிடம் திரும்பினார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க."

"அப்ப உடம்பு ஏத்துக்கல. டோஸை ரெண்டு மடங்கு ஆக்கணும்" என்று பேனாவை எடுத்தார்.

அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் இன்னொரு பொய்யைச் செரிக்க அத்தையின் உடம்பில் இடமில்லை.

"அது மாத்திரை இல்ல டாக்டர். சர்க்கரை. நான்தான் செஞ்சேன்."

அச்சு, மாவு, நடுக்கோடு, இருபத்திரண்டு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி தரையைப் பார்த்தார். டாக்டர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் பேனாவை மூடிவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டு டேங்க்ல தண்ணி இல்ல. ஆனா சுவரெல்லாம் ஈரம். என்ன அர்த்தம்?"

"குழாய் எங்கயோ கசியுது."

"சுவர் நனைஞ்சிருக்குன்னு மோட்டாரை நிறுத்துவியா? நிறுத்தினா குடிக்கத் தண்ணி ஏது? இவங்க ரத்தத்துல இருக்க வேண்டியது இல்ல. இருக்கக் கூடாத இடத்துல போய்ப் படிஞ்சிருக்கு. அந்த நாலு சுரப்பியும் இல்லாததால வந்த குளறுபடி. உங்க சாக்பீஸ் பொடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிக்கி நான் இன்னும் ரெண்டு நிமிஷம் பேசியிருக்கணும்."

"தலையில இருக்கிறது கரையுமா டாக்டர்?"

"கரையாது. ரத்தத்தைச் சரியா வெச்சுக்கிட்டா, மேல மேல படியறதை மெதுவாக்கலாம். விரல் இழுக்கிறது, மூச்சு அடைக்கிறது வராம பார்த்துக்கலாம். நடை, மறதி, முகம் இறுகினது... எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. திரும்பாமலும் போகலாம்."

"நான் பண்ணதால எவ்வளவு கூடிச்சு?"

"இருபத்திரண்டு நாள்ல படத்துல தெரியற அளவுக்குக் கூடாது. ஆனா இன்னிக்கி பத்து நிமிஷம் தாமதமா வந்திருந்தா இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது."

மூன்றாம் நாள் அத்தைக்குப் பேச்சு வந்தது. பழைய பேச்சு இல்லை. ஒவ்வொரு சொல்லும் மேடு ஏறி வந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன்.

"தெரியும்டா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா... வெள்ளைப் பொடியில கிடக்கிறேன். எது சர்க்கரைன்னு... நாக்குக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும்."

எனக்குப் பேயறைந்த மாதிரி ஆனது. "அப்புறம் ஏன் தின்ன?"

அவள் வெகுநேரம் கூரையைப் பார்த்தாள். மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அந்தப் படத்தை நானும் பார்த்தேன்ல. எனக்கும் பயந்தான். நீ சொல்றதுதான் சரியோன்னு... இருந்துச்சு. நானா நிறுத்தினா டாக்டர் திட்டுவாங்க. நீ நிறுத்தினா... எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கலாம்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை!"

"நீ கேட்டியா?"

ஏமாற்றியவனும் ஏமாந்தவளும் சேர்ந்து ஒரே பயத்தைத்தான் மூன்று வேளையும் மென்றிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. கட்டில் காலிலிருந்து பழைய சீட்டை உருவி எடுத்தேன். மடிப்பில் எழுத்தெல்லாம் போயிருந்தது. கட்டில் இப்போது ஆடுகிறது, ஆடட்டும். அத்தை பட்டறைக்குப் போவதில்லை. ஒரு தடவை ஆசைப்பட்டாளென்று கூட்டிக்கொண்டு போனேன். ரேடியோ அக்கா ஒரு குச்சியை அவள் கையில் கொடுத்து, "போடு, உன் கோடு இல்லாம பலகையே மூளியா இருக்கு" என்றாள். அத்தை இழுத்தாள். கோடு பாதி வழியில் கீழே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. அவளும் நின்றுவிட்டாள். எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்று கேட்கிற மாதிரி குச்சியைப் பார்த்தாள். ரேடியோ அக்கா ஒன்றும் பேசாமல் போய்ப் பொடிமூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. முதலாளியும் அழிக்கவில்லை.

மாத்திரை கொடுக்கிற வேலை என்னுடையது. டாக்டர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். தினம் காலையில் காதுக்கு முன்னால் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொன்னார். உதடு அசையாவிட்டால் நல்லது. அசைந்தால் உடனே ரத்தப் பரிசோதனை. பட்டறையே சிரித்த அதே பொத்தான். ஒவ்வொரு காலையிலும் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, முகம் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டுவேன். ஒன்றும் அசையாது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பசிக்கும்.

இன்று காலையும் தட்டினேன். உதட்டோரம் மேலே ஏறி இறங்கியது.

"அத்தை, விளையாடுறியா?" என்றேன். முன்பெல்லாம் அவள் கண்ணைப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடுவேன். இப்போது அந்த முகத்தில் எதுவும் எழுதியிருப்பதில்லை, கழுவிய பலகை. "சொல்லு அத்தை. வேணும்னே பண்ணியா?" வார்த்தையைத் தேடுகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா? மறுபடி தட்டினேன். ஏறி இறங்கியது. முன்னைவிடக் கொஞ்சம் தாமதமாக. தாமதம் நல்லதா கெட்டதா, அதையும் டாக்டரிடம் நான் கேட்டு வைக்கவில்லை.

அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டேன். கையைப் பிடித்துப் படியிறக்கினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பக்கத்து சீட்டு அம்மா அவள் கழுத்துத் தழும்பையே பார்த்துக்கொண்டு வந்தார். அத்தை ஒரு கதையும் சொல்லவில்லை. நான் அவள் விரல்களை என் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி நிறுத்தம் வருகிறவரைக்கும் ஒன்றே ஒன்றைத்தான் கெஞ்சிக்கொண்டு போனேன்: இன்றைக்கு ஏமாந்தவன் நானாக இருக்க வேண்டும்.